கை நனையாத சாப்பாடு

— முள்ளோட வாங்கியாந்திருக்கறீங்களே மாமா.

— மீனுன்னா முள்ளோடதான் அம்மிணி இருக்கும்.

— நான் என்னுங் சொல்லி அனுப்புனேன்? வஞ்சிரம், முள்ளில்லாம, துண்டு போட்டு அரைக்கிலோ. சீட்டுல எழுதியே குடுத்தனுங்.

— சீட்டு சட்டப் பையிலதான் இருக்குது. கடைக்காரன் அமராவதி டேம் மீனு, இப்பத்தான் எறங்குச்சுன்னான். செவுளத் தூக்கிப் பாத்தேன், செக்கச்செவேல்னு இருந்துச்சு. ஜிலேபி மீனு, ஆளுக்கு ஒன்னு. வஞ்சிரம் ஐசுல கெடந்து வெளுத்துப் போயிருந்துச்சு. அத எப்பிடி வாங்கறது?

— இசக்கிமுத்து சார் வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரங்கூட இல்லீங்.

— ஒரு மணி நேரம் எதுக்கு? கழுவித்தான் குடுத்திருக்கறான். ரெண்டு பக்கமும் கீறி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, பூண்ட நசுக்கித் தடவி, வயித்துக்குள்ள கற்பூரவல்லி எல நாலு வெச்சு, கல்லுல போட்டு மூடுனா இருவது நிமிசம். நீ பண்றத ரெண்டு வருசமா பாத்துட்டுத்தான இருக்கறேன்.

— பண்றது பெருசில்லீங் மாமா. அத எப்பிடி முள்கரண்டியில சாப்பிடறது?

— முள்கரண்டி எதுக்கு? கையில்லையா அவருக்கு?

— எங்க ஆபீஸ்ல இருந்து வர்றவருங். கையெல்லாம் கழுவிட்டு, தொடச்சுட்டு... கரண்டியிலன்னா டீசன்ட்டா இருக்குமுங்.

— அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில பேட்டன் வெட்டற மனுசந்தானே? லண்டன்ல இருந்தா வர்றாரு?

— நீங்க மொதல்ல உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கறீங்க. மூச்சு வாங்குது.

— மூச்சு வாங்கல. பேசிட்டிருக்கறேன்.

— பி.பி. பாத்தர்லாமுங்களா?

— காத்தாலதான பாத்த?

— காத்தால பாத்தது காத்தாலைக்கு. கையக் குடுங்க.

— எதுக்கு இப்ப? ஏதாச்சும் வெடி வெக்கப் போறயா?

— சும்மாதானுங். பேசாதீங்க, மிஷின் ஓடுது.

— ...

— நூத்தி முப்பத்திரெண்டு, எம்பத்திரெண்டு. பரவாயில்லீங்.

— எனக்குப் பரவாயில்ல. அந்தப் பட்டையக் கழட்டி உன்ற கையில சுத்திப் பாரு. எனக்கு ரெண்டு தடவ தலகீழா மாட்டுன.

— அது காரமடிச்சதுங். வெங்காயம் உரிச்சேன்.

— வெங்காயம் உரிச்சாக் கண்ணுல தண்ணி வரும் அம்மிணி. பட்டை தலகீழாப் போகாது.

— இந்தப் பச்சிலையக் கிள்ளிக் குடுங்க மாமா. காம்பு வேண்டாங், எல மட்டும்.

— திருநீத்துப் பச்சிலையச் சோத்துல போட்டுத் திங்கறவன் திருப்பூர்லயே நான் ஒருத்தன்தான். அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு என்ன சொல்லுச்சு? ஏதோ ஒரு கடல் ஓரத்துல இருக்கறவங்கல்லாம் இத்தையே தின்னு தொண்ணூறு வயசு இருக்கறாங்கன்னு.

— மத்தியதரைக் கடலுங்.

— நொய்யல் ஓரத்துல இருக்கறவன் எத்தன வயசுக்கு இருப்பான்னு கேட்டேன். அதுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

— உங்களுக்கு ஸ்டென்ட் வெச்ச மூணாம் நாளு அது. எனக்குச் சிரிப்பே வரல. உங்க பையன் போயி அப்பத்தான் இருவது நாளுங். பதினாறு முடிச்ச மறுநாளே நீங்க நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தீங்க. அந்தப் பொண்ணு ஆலிவ் எண்ணெ, பருப்பு, கீரை, வாரத்துல ரெண்டு நாள் மீனுன்னு சொல்லச் சொல்ல, எக்ஸாம் எழுதறாப்ல எழுதிட்டிருந்தேன். ஒன்ன உட்டுட்டாக் கூட இவரும் போயிருவாருன்னு.

— கதிர்வேலுக்கு அதெல்லாம் ஆரும் எழுதிக் குடுக்கல. நைட் ஷிப்ட் முடிச்சு வரையில புரோட்டாப் பொட்டலத்தோட வருவான். நாப்பத்தோரு வயசுல நெஞ்சு நிக்குமுன்னு ஆரு கண்டா. நாங்கூட அதுல பாதி தின்னிருக்கறேன்.

— அதெல்லாம் இப்ப வேண்டாங் மாமா.

— செரி. அந்த நூலக் குடு, தண்ணி கொதிக்குது.

— நூலில்லீங், ஸ்பெகட்டி.

— நூலுதான். முப்பது வருசம் நிட்டிங் மிஷின் ஓட்டுனவனுக்கு நூலுன்னாத் தெரியாதா? இது பத்தாம் நம்பரு கூட வராது, அத்தன மொத்தம். கோன்ல சுத்தற மாதிரி அந்தக் கரண்டியில சுத்திச் சுத்தி நீ சாப்பிடறப்ப, எனக்கு மிஷின் முன்னாடி உக்காந்தாப்லயே இருக்கும்.

— எட்டு நிமிசத்துல எறக்கோணுமுங். டைம் பாத்துக்கங்க.

— பாத்துக்கறேன். ஆமா, அந்த இசக்கிமுத்து என்ன சோலியா வர்றாரு?

— சொன்னனுங்களே.

— இன்னொருக்கா சொல்லு.

— அவரோட அம்மாவுக்குச் சுகரு, கொழுப்பு எல்லாம் இருக்குதுங்களாம். மத்தியானம் என்ற டப்பாவப் பாத்துட்டு, கத்திரிக்காய, குடமொளகாயச் சுட்டு எண்ணெ ஊத்தி வெச்சிருக்கறீங்களே, எப்பிடிப் பண்றதுன்னு கேட்டாருங். வந்து ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கன்னேன்.

— அதப் போன்ல எழுதி அனுப்புனா ஆகாதா?

— அனுப்பலாமுங். இருந்தாலும் நேர்ல பாத்தா...

— நேர்ல பாக்கறதுக்கு நீ தலைக்குக் குளிச்சு, எனக்கு இஸ்திரி போட்ட சட்டைய எடுத்து வெச்சு, பால்கனியெல்லாம் கழுவி உட்டிருக்கற.

— ஊட்டுக்கு ஒரம்பரை வந்தாச் சுத்தமா இருக்க வேண்டாங்களா?

— வேணும், வேணும். நாந் தப்பாச் சொல்லல.

— தள்ளுங்க மாமா, தக்காளி அடிப்புடிக்குது.

— அம்மிணி.

— சொல்லுங்.

— நம்ம பங்காளி தங்கராசு போன் பண்ணுனான்.

— எப்பங்?

— பத்து நாள் இருக்கும். பொங்கலூர்ல இருந்து. உங்க மருமக ஒரு தெக்கத்தியான் வண்டியில போனாளாம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம்ம பையன் பாத்தான்னான். பங்காளிங்க நாலு பேரு பக்கத்துலயே இருந்தாங்களாட்டம் இருக்குது, பின்னாடி சத்தம் கேட்டுச்சு.

— நீங்க... நீங்க என்னுங் சொன்னீங்க?

— பஸ்ஸு வல்லைன்னா வண்டியிலதான் போவாங்க, தூக்கிட்டா போவாங்கன்னேன். வெச்சுட்டான்.

— பத்து நாளைக்கு முன்னாடி பண்ணுனதுக்கு ஏனுங் ஒன்னுமே சொல்லல?

— நீ ஏதாச்சும் சொல்லுவீன்னு பாத்தேன்.

— மாமா, நான்... அன்னைக்கு ஓவர்டைம் ஆயிருச்சுங். ஷிப்மென்ட் நாளு. அதனாலதான்...

— நூலு பொங்குது பாரு.

— அய்யோ.

— பாத்து, பாத்து. அடுப்பச் சின்னது பண்ணு. கையில பட்டுருச்சா?

— இல்லீங்.

— காட்டு. செவந்திருக்குது. தண்ணியில புடி. நான் வடிக்கறேன். நீ அக்கட்ட போ.

— அந்தத் தண்ணிய முழுசாக் கொட்டீராதீங்க மாமா. ஒரு கரண்டி தக்காளிக்கு வேணும்.

— தெரியும். சொல்ல வந்தத சொல்லு.

— ஒன்னுமில்லீங்.

— செரி. மேசைய ஒதுக்கறேன். தட்டு எத்தன?

— மூணுங். முள்கரண்டியும் மூணு எடுத்து வையுங்க.

— மீனுக்குமா?

— மீனுல முள்ள நானே எடுத்து, சதைய மட்டும் தட்டுல வெச்சர்றனுங். ஆரும் கையால தொட வேண்டியதில்ல.

— ஏனம்மிணி, நீ சமைக்கறது ஆருக்கு, மீனுக்கா, கைக்கா? வந்ததுல இருந்து கை படாம, கை படாமங்கற.

— சும்மாதானுங்.

— சும்மா இல்ல. நாங்க உன்னயப் பாக்க வந்தது ஞாபகம் இருக்குதா?

— குன்னத்தூருக்கா?

— ஆமா. காத்தால கெளம்புனது, வழியெல்லாம் நல்ல நேரம் பாத்து நின்னு நின்னு, உங்கூட்டுக்கு வரையில மணி ரெண்டு. உங்கப்பா எலையெல்லாம் போட்டு வெச்சிருந்தாரு. நாந்தான் முறுக்குனேன். காப்பியோட நிறுத்திக்கறோமுங்க, ஊட்டுக்குப் போயிப் பேசித் தகவல் சொல்றோம், அதுக்கு முன்னாடி கை நனைக்கறது மொறையில்லீங்கன்னு. கை நனச்சுட்டாப் பொண்ணு எங்களுக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அப்பறம் மாத்திப் பேசக் கூடாது.

— எனக்குக் கேட்டுச்சுங். உள்ள நின்னுட்டிருந்தேன்.

— போயிச் சேந்துட்டாளே உங்க அத்தை, அவ என்ன சொன்னாள்னு கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— சொல்லு.

— பொண்ணும் புடிச்சிருக்குது, வயிறும் பசிக்குது, எலையில சோத்தப் போடச் சொல்லுங்கன்னாங்க.

— மொத ஆளாப் போயி உக்காந்துட்டா குழந்தையம்மா. என்னைய ஒரு வார்த்த கேக்கல. நான் கதிர்வேலப் பாக்க, அவன் கையக் கழுவிட்டு நிக்கறான். ஒரு வாய் ரசஞ்சோறுல முடிஞ்சு போச்சு உன்ற கல்யாணம். ஏனம்மிணி, அழுவறயா?

— வெங்காயமுங்.

— வெங்காயம் வதங்கி அர மணி நேரம் ஆச்சு.

— மாமா, அவரு வந்தாருங்களாட்டம் இருக்குது. வண்டிச் சத்தம்.

— வரட்டும். நீ மூஞ்சியத் தொடச்சுட்டு வா. நான் கதவத் தொறக்கறேன்.

— வேண்டாங், நீங்க உக்காருங்க. நானே...

— நான் போறேன்னேன். வாங்க தம்பி, வாங்க. செருப்ப அங்கயே உட்டுருங்க, பரவாயில்ல. மாடி ஏறிச் சிரமமாப் போச்சுங்களா?

— சிரமம் ஒண்ணுமில்ல அய்யா. நான் இசக்கிமுத்து. மேடம் கூட வேல பாக்குதேன்.

— தெரியுமுங்க, சொல்லுச்சு. உக்காருங்க. சொந்த ஊரு?

— சங்கரன்கோயிலுக்குப் பக்கத்துல அய்யா. இங்க வந்து பதினெட்டு வருசம் ஆவுது. அம்மையும் நானுந்தான், அனுப்பர்பாளையத்துல வாடகைக்கு இருக்கோம்.

— அம்மாவுக்கு ஒடம்பு பரவாயில்லீங்களா?

— இருக்காவ. சுகருக்கு மாத்திரை போடச் சொன்னா, மறந்துட்டேன் மறந்துட்டேன்னு சொல்லுவாவ. அவங்களோட பெரிய மல்லுக்கட்டு அய்யா.

— இங்கயும் அப்பிடித்தான் தம்பி. என்ற கூட மல்லுக்கட்டறது என்ற மருமக இந்துமதி. அம்மிணி, தட்ட எடுத்தா. ஆறிப் போகுது.

— இதா கொண்டாந்துட்டனுங். சார், உக்காருங்க. இது தக்காளியும் பூண்டும் போட்ட ஸ்பெகட்டி. இது சுட்ட கத்திரிக்காய். இது மீனு, முள்ளு எடுத்துட்டேன். இந்தாங்க, முள்கரண்டி.

— மேடம், எனக்குத் தண்ணி மட்டும் போதும்.

— ஏனுங் சார்? புடிக்கலீங்களா?

— வாசனையே பசியக் கெளப்புது. அது இல்ல.

— அப்பறம்? கொஞ்சமாச்சும். கரண்டியிலதான. நான் போன்லயே சொன்னனுங்களே, கரண்டியில சாப்பிட்டா...

— சொன்னீங்க. கரண்டியில சாப்பிட்டாக் கை நனைச்சதாவாது, சும்மா வந்து பாத்துட்டுப் போங்க, மாமாவுக்குச் சந்தேகம் வராதுன்னீங்க. நானும் சரின்னுதான் வண்டிய எடுத்தேன். மூணு மாடி ஏறி வந்து அய்யா மொகத்தப் பாத்த பொறவு முடியல மேடம். கரண்டியில தின்னாலும் வயித்துக்குள்ளதான போவுது. அவிய ஊட்டுல உக்காந்து அவியளையே ஏமாத்துத மாதிரி இருக்கு.

— சார், கொஞ்சம் மெதுவா. அவருக்கு ஹார்ட்டு...

— மன்னிச்சுக்கிடுங்க அய்யா. நான் கெளம்புதேன். பொறவு ஒரு நாளைக்கு, எல்லாம் தெரிஞ்ச பொறவு வாரேன்.

— உக்காருங்க தம்பி. அம்மிணி, எனக்கு என்ன தெரியோணும்? சொல்லு. அடுப்பு அணைச்சாச்சு. பொங்கறதுக்கு ஒன்னுமில்ல.

— மாத்திரை போட்டுட்டீங்களா மாமா?

— போட்டாச்சு.

— கதவு தொறந்திருக்குது. பக்கத்து ஊட்டுல...

— சாத்தியாச்சு.

— மாமா... இவரு என்னைய... என்னையக் கட்டிக்கறேன்னு கேட்டாருங். ஆறு மாசம் ஆச்சு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. இவங்கம்மா ஊர்ல வேற எடம் பாத்துட்டிருக்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள ஒரு வார்த்த சொல்லோணும். உங்ககிட்டச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயத் தொறப்பேன். தொறந்தா, அன்னைக்கு நீங்க நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்ததுதான் கண்ணு முன்னாடி வரும். மாத்திரைய எண்ணுவேன், பி.பி. பாப்பேன், இன்னைக்கு வேண்டாம், வேற நாளைக்குச் சொல்லிக்கலாமுன்னு சமையக்கட்டுக்குப் போயிருவேன். மாமா, பேசுங். வலிக்குதுங்களா? சார், அந்த நீலப் பையில ஸ்ப்ரே இருக்குது, எடுங்க.

— சித்த சும்மா இரு. வலிக்கல.

— மொகம் வேத்திருக்குதுங்.

— அடுப்புக்கிட்ட நின்னா வேக்காதா?

— கோவமுங்களா?

— உன்ற மேலயா? தங்கராசு போன் பண்ணுன நாள்ல இருந்து உன்ற பொறத்தாலயே சுத்திட்டிருக்கறேன், இப்பச் சொல்லுவியா, அப்பச் சொல்லுவியான்னு. நானா வாயத் தொறந்தா என்ன ஆகும்? மகன் போயிட்டான், இனி மருமகள ஊட்ட உட்டு அனுப்பறான் கெழவன்னு ஆயிரும். ஊரு சொன்னாப் போகுது, நீயே அப்பிடி நெனச்சுட்டா?

— நான் அப்பிடி நெனப்பனுங்களா?

— ஆறு மாசமா எனக்குப் பயந்துட்டு வாயத் தொறக்காதவ எதையும் நெனப்ப.

— அய்யா, ஒரு வார்த்த. நீங்க இப்பமே எதுவும் சொல்ல வேண்டாம். நாங்க வேற ஆளுவ, வேற ஊரு. உங்க பக்கத்து ஆளுவ என்ன சொல்லுவாவன்னு எனக்குந் தெரியும். இன்னைக்கு இரக்கப்பட்டு ஒண்ணு சொல்லிட்டு, நாளைக்கு உங்க சொந்தக்காரவிய முன்னால நீங்க தல குனிஞ்சு நிக்கக் கூடாது.

— அதானுங் மாமா. தங்கராசண்ணன் சும்மா இருக்க மாட்டாரு. பங்காளிங்க ஆரும் அப்பறம் நம்மூட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்க. நல்லது கெட்டதுக்கு உங்களக் கூப்புட மாட்டாங்க. இந்த வயசுல ஒத்தையில நின்னு நீங்க என்னுங் பண்ணுவீங்க? உங்களுக்கு ஆரு சமைப்பா, ஆரு மாத்திரை குடுப்பா? எனக்கு வேண்டாங். சார், நீங்க உங்க அம்மா பாக்கற எடத்தையே...

— அம்மிணி, அந்த வார்த்தைய முடிச்சராத.

— இல்லீங் மாமா, நெசமாத்தான்...

— அய்யா, மேடத்த வற்புறுத்த வேண்டாம். ஆற அமர யோசிங்க. ஒரு வாரம், பத்து நாளுன்னாலும் சரிதான். அதுவரைக்கும் நான் இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன். வாரேன்.

— நீங்க நனைக்கறது இருக்கட்டும் தம்பி. போன புதங்கெழமையே உங்க கம்பெனி வாட்ச்மேன்கிட்ட வெலாசம் விசாரிச்சு, அனுப்பர்பாளையம் பஸ் ஏறிப் போயி, உங்கூட்டுல சம்மணம் போட்டு உக்காந்து, உங்ககிட்ட மூச்சு உட வேண்டாமுன்னு சொல்லிட்டு, உங்கம்மா கையால ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னு, நான் கை நனச்சுட்டு வந்துட்டேன்.